மேல்வாரமும் குடிவாரமும்

திருச்சிற்றம்பலம்.

 

வழக்கொழிந்த சொல் ஒன்றைக் குறித்து இன்று தங்களோடு சிந்திக்க விழைகின்றேன். 'மேல்வாரம்' என்பது அச்சொல். பழைய பத்திரங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அன்றி இன்று அதனைக் காண்டல் அரிது.

வாரம் என்பது பங்கு. விளைந்த நெல்லைக் களத்திலே அளந்து இரு கூறாக்குவர். அரசுக்கோ, ஜமீன்தாருக்கோ, இனாம்தாருக்கோ உரிய கூறு மேல்வாரம். உழுது பயிரிட்ட குடிக்கு உரிய கூறு குடிவாரம். கோயில்களுக்கு விடப்பட்ட நிலங்கள் பலவற்றில் சந்நிதிக்குச் சேர்ந்தது மேல்வாரம் மட்டுமே. மண் குடியின் கையில் இருந்தது. விளைவின் ஒரு கூறு இறைவன் திருமுன் வந்தது.

அம்முறையில் ஓர் அறம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். விளைவு குன்றினால் இரு பங்குமே குன்றும். மழை பொய்த்த ஆண்டில் உழவனோடு இறைவனும் குறைவை ஏற்றுக்கொண்டான். பின்னாளில் பணமாக வரையறுக்கப்பட்ட குத்தகையில் இந்த இரக்கம் தானாக அமைவதில்லை.

நிலத்தின் விளைவு கோயிலில் என்ன செய்தது? தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதலாம் இராசராசன் ஊர்கள் பலவற்றின் காணிக்கடனை அக்கோயிலுக்கு வைத்தான். அவ்வாறு வைத்தபோது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றை இறை இறுக்கும் நிலத்தினின்று நீக்கியே கணக்கிட்டனர். நெல்லை அளந்த மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயர். அளவையிலே இறைவன் பெயர் இருக்கும்போது பொய்யளவு அளக்கக் கை துணியுமா? திருப்பதியம் பாடுவார் 48 பேர், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவர், ஆக 50 பேர்க்கு நாள்தோறும் ஆளுக்கு மூன்று குறுணி நெல் அளக்கப்பட்டது. எங்கோ ஒரு வயலில் உழவன் சிந்திய வியர்வையே சந்நிதியில் பதிகமாய் ஒலித்தது!

காலம் மாறியது. நில மானியம் பெற்றவர் பெற்றது மேல்வாரம் மட்டுமா, இரு வாரமுமா என்னும் வழக்குகள் சென்னை மாகாண நீதிமன்றங்களில் நெடுங்காலம் நடந்தன. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளின் உரிமைக்கு அரண் செய்தது. அது வேண்டிய அரணே. மேல்வாரத்தின் பெயரால் குடிவாரத்தை உண்டவர்களும் இருந்தனர் அல்லரோ? 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் நீங்கின. அதனால் வருவாய் இழந்த கோயில்களுக்குத் 'தஸ்திக்' என்னும் ஆண்டுத் தொகை வகுக்கப்பட்டது. களத்தில் அளந்த நெல் கருவூலத்துப் பணமாயிற்று. மேல்வாரம் என்னும் சொல்லும் மெல்ல மறைந்தது.

சொல் மறைந்தால் கடனும் மறைந்துவிடுமோ? கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, விளைந்ததை வீட்டுக்குக் கொண்டுசென்று, குத்தகையை மட்டும் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பவர் திருவிழாவில் தேர்வடம் பிடிக்க முன்வரிசையில் நிற்பது தகுமா? இயலாமையால் செலுத்தாதவரை அடியேன் கூறவில்லை. அவர் நிலையை இறைவன் அறிவான். இயன்றும் செலுத்தாதவரையே கூறுகின்றேன். அங்கே நிற்பது ஓர் அலுவலகத்தின் கணக்கு மட்டுமன்று. ஏற்றப்படாத ஒரு விளக்கு. ஓதுவார் வீட்டில் எரியாத ஓர் அடுப்பு.

நிலம் இல்லாதவர்க்கும் இதில் கடமை உண்டு. இவ்வுடல் நாம் படைத்ததன்று. நாம் இதனைப் பயிரிடும் குடிகள். உண்பதும் உடுப்பதும் மக்களைப் பேணுவதும் நமது குடிவாரம். அதனை இறைவன் மறுக்கவில்லை. நாளில் ஒரு நாழிகை வழிபாடும், ஈட்டியதில் ஒரு கூறு பசித்தவர்க்கும் அவனுக்குரிய மேல்வாரம். இரு வாரமும் எமக்கே என்று வழக்காடுவோமாயின், பத்திரம் யார் பெயரில் உள்ளது என்பதை இறுதி நாளில் அறிவோம்.

வாரம் என்னும் சொல்லுக்கு அன்பு என்றும் ஒரு பொருள் உண்டு. பங்கை அன்போடு அளந்து கொடுத்தால் இரண்டும் ஒன்றே. இவ்விழா முடியுமுன் அவரவர் கணக்கை அவரவரே பார்த்துக்கொள்வோமாக.

திருச்சிற்றம்பலம்.