ரசீது கேட்போம்

(தாராவியில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலையில் நம் வண்டியை நிறுத்துகிற போலீசைப் பற்றியும், அப்படி நிறுத்தப்படும்போது நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் இன்று பேசப் போகிறோம். இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திப்பது எங்கே? மந்த்ராலயத்தில் அல்ல, சட்டமன்றத்திலும் அல்ல. தொண்ணூறடிச் சாலையிலோ, கிங்ஸ் சர்க்கிளிலோ, செம்பூர் நாக்காவிலோ ஒரு கை நீண்டு வண்டியை மறிக்கும்போதுதான் சந்திக்கிறார்கள். அரசாங்கம் என்றால் என்ன, குடிமகன் என்றால் யார் என்ற பாடத்தை அங்கேதான் படிக்கிறார்கள். அந்தப் பாடம் சரியாக இல்லை என்பதே எங்கள் கவலை.

அண்மையில் ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு சங்கத்துக்கு வந்தார். விடியற்காலை நாலரை மணிக்கு இட்லித் தூக்கோடு ஸ்கூட்டரில் கிளம்புகிற பையன். எந்தச் சந்திப்பு, எந்தக் காவல் நிலையம் என்பது இங்கே வேண்டாம். நிறுத்தினார்கள். லைசென்ஸ் கேட்டார்கள். பையன் லைசென்சே எடுத்ததில்லை. சாவியைப் பிடுங்கினார்கள். கன்னத்தில் ஓர் அறை, 'மதராசி' என்று ஒரு வசவு. பிறகு முந்நூறு ரூபாய் கைமாறியது, சாவி திரும்பி வந்தது. தூக்கைத் திறந்து நாலு இட்லியையும் எடுத்துக்கொண்டார்கள்.

புகார் எழுதச் சொல்லித்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் காகிதத்தை எடுத்தோம். அந்த அம்மா சொன்னது வேறு. "அடிச்சதுகூடப் போட்டும் அண்ணாச்சி, அஞ்சாயிரம் போவாம முந்நூறோட போச்சுல்லா. அந்த ஹவால்தாரத் தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா ஒரு வார்த்த சொல்லி வையுங்க. மாசாமாசம் ஏதாவது குடுத்துருதோம்."

தோழர்களே, அடி வாங்கியவன் நம் பிள்ளை. ஹப்தாவுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேட்பவரும் நாம். அந்தத் தாயைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்று இரவு எங்களுக்குத் தூக்கமும் வரவில்லை.

போலீசைப் பற்றி நம் மக்களுக்கு என்ன எண்ணம் இருக்கிறது? சோறு ஊட்டும்போதே ஆரம்பிக்கிறோம்: "சாப்பிடலேன்னா போலீஸ்காரன் பிடிச்சிட்டுப் போயிருவான்." வளர்ந்த பிறகு 'மாமா' என்கிறோம், 'பாண்டு' என்று கேலி பேசுகிறோம். எதிரே வந்து நின்றால் 'சாஹேப், சாஹேப்' என்று கும்பிடுகிறோம். கொஞ்சம் வசதி வந்துவிட்டால், "நான் யார் தெரியுமா?" என்று செல்போனை எடுத்து யாருக்கோ போன் போடுகிறோம். பயம், கேலி, கும்பிடு, மிரட்டல் என்று நாலு வழி தெரிந்திருக்கிறது. நேராக நின்று, "என்ன குற்றம்? எந்தப் பிரிவு? ரசீது கொடுங்கள்" என்று கேட்கிற ஐந்தாவது வழி மட்டும் நமக்குப் பழகவில்லை.

இது சில்லறை விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. 2018 மார்ச் 7ஆம் நாள் திருச்சி–தஞ்சை சாலையில், துவாக்குடிப் பக்கம், ஹெல்மெட் இல்லாமல் வந்த ஒரு தம்பதியின் வண்டி நிற்காமல் போனது. ஒரு காவல் ஆய்வாளர் துரத்திச் சென்று வண்டியை எட்டி உதைத்தார். பின்னால் இருந்த பெண் கீழே விழுந்து உயிரிழந்தார். விடிந்தால் மகளிர் நாள். ஆயிரக்கணக்கானவர்கள் சாலையை மறித்தார்கள், தடியடியும் நடந்தது. ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். 2021 ஜூனில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் அருகே, ஒரு சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட மளிகைக் கடைக்காரர் ஒருவர் லத்தியால் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அங்கும் காவலர் கைதானார். இருவரையும் நிறுத்தியது சட்டம்தான். உயிரை எடுக்கும் உரிமையை எந்தச் சட்டமும் கொடுக்கவில்லை.

நம் மும்பையிலேயே நடந்த இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2016 ஆகஸ்ட் 23ஆம் நாள் கார் பகுதியில், ஒரு பெட்ரோல் பங்க் அருகே, விலாஸ் ஷிண்டே என்ற போக்குவரத்துக் காவலர் ஒரு சிறுவனின் வண்டியை நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். சிறுவன் அண்ணனைக் கூப்பிட்டான். அண்ணன் வந்து கட்டையால் காவலரின் தலையில் அடித்தான். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் இறந்துபோனார். அவர் செய்த குற்றம் தன் கடமையைச் செய்தது.

திருச்சியில் சட்டத்தை மறந்தது சீருடை. காரில் சட்டத்தை மறந்தது வண்டி ஓட்டியவனின் வீடு. இரண்டிலும் செத்தது உழைத்துச் சாப்பிடுகிற குடும்பத்து உயிர். போலீசைக் கண்டு நடுங்குவதும் போலீசை அடிப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. எதிரே நிற்பவர் ஒரு விதிக்குக் கட்டுப்பட்ட ஊழியர், நாமும் அதே விதிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நினைப்பே இல்லாத இடம் அது.

இந்த நினைப்பு இல்லாததால் நம் சமூகம் ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது. 1966இல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்கள் மேல் எழுந்த வெறுப்பைப் பெரியவர்கள் அறிவார்கள். காவல் நிலையத்தில் நம் பேச்சு எடுபடாது என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. அதனால் 1970களில் நம் மக்கள் பலர் வழக்கு வம்பு என்றால் வரதராஜ முதலியாரின் வாசலுக்குப் போனார்கள். அவர் உதவினார் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் அவர் தொழில் கள்ளச்சாராயமும் கடத்தலும். நியாயம் கேட்க ஒரு தாதாவின் வாசலுக்குப் போனவர்களுக்கு ஊர் கொடுத்த பெயரை நாம் எல்லோரும் சுமந்தோம். 1988இல் அவர் சென்னையில் காலமானார். அந்தப் பழக்கம் காலமாகவில்லை. "தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா" என்று அந்தத் தாய் கேட்டாரே, அது அதே வாசலைத் தேடுகிற குரல்தான்.

தமிழர் மட்டும் இப்படி இருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். காமன் காஸ் என்ற அமைப்பும், சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வுக்காக 22 மாநிலங்களில் மக்களைக் கேட்டன. போலீசை மிகவும் நம்புகிறோம் என்றவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. ராணுவத்தை அப்படி நம்புகிறவர்கள் பாதிக்கு மேல். மறு ஆண்டு அதே அமைப்புகள் போலீஸ்காரர்களையே கேட்டன. சிறு குற்றங்களுக்கு வழக்கு எதற்கு, போலீசே சிறு தண்டனை கொடுத்துவிடலாம் என்று நூற்றுக்கு 37 பேர் சொன்னார்கள். அந்தப் பையன் கன்னத்தில் விழுந்த அறை ஏதோ ஒரு கெட்ட மனிதரின் கை மட்டுமல்ல என்பது இதிலிருந்து விளங்கும்.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு போலீஸ்காரர் சராசரியாக நாளைக்குப் பதினாலு மணி நேரம் வேலை செய்கிறார். எட்டு மணி நேர வேலைக்காக ரத்தம் சிந்திய தொழிலாளர்களை மே தினத்தில் வணங்குகிறோம். வெயிலிலும் புகையிலும் நாள் முழுதும் நிற்கிற கான்ஸ்டபிளுக்கு அந்த எட்டு மணி நேரம் வேண்டாமா? செம்பூருக்குப் பக்கத்தில் தேவனார் காவல் நிலையத்தில் 2016இல் எட்டு மணி நேர முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். அது எல்லா இடத்திலும் நிலைக்க வேண்டும் என்று கேட்பதும் நம் வேலைதான். ஆனால் களைப்பு அறைவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது.

இனி எங்கள் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறோம். நாங்கள் ரயில்வே குமாஸ்தாக்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவரிடம் பரிசோதகர் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் தண்டம் வாங்குகிறார். வாங்கியதும் ரசீது எழுதித் தருகிறார். அந்த ரசீதுப் புத்தகத்தின் ஒவ்வொரு ஏட்டுக்கும் எண் உண்டு. ஓர் ஏடு குறைந்தாலும் கணக்குப் பிரிவு விடாது. ரசீது எழுதிய பணம் சர்க்கார் பணம். ரசீது எழுதாத பணம் யாருடைய பணம் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ரயிலில் நாம் கேட்டு வாங்குகிற ரசீதை ரோட்டில் ஏன் கேட்பதில்லை?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்சைக் காட்டியே ஆக வேண்டும். அது நம் கடமை. கையில் காகிதம் இல்லாவிட்டால் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ செல்போனில் காட்டலாம். 2018 முதல் விதியே அதை ஏற்கிறது. லைசென்சைப் பறிமுதல் செய்தால், 206ஆம் பிரிவுப்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். லைசென்ஸ் திரும்பி வரும்வரை அல்லது சீட்டில் குறித்த நாள்வரை, எது முந்தியோ அதுவரை, அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்டலாம். சாவியைப் பிடுங்கும் அதிகாரம் என்று தனியாக ஒன்றும் இச்சட்டத்தில் எழுதப்படவில்லை. அடிக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

லஞ்சத்தைப் பற்றியும் கேளுங்கள். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. மகாராஷ்டிர லஞ்ச ஒழிப்புத் துறையின் இலவச எண் 1064. வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

இதெல்லாம் மேடையில் சொல்ல நன்றாயிருக்கும், இட்லி ஆறிப்போகுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்கான தண்டம் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. மகாராஷ்டிரம் சில காலம் தயங்கி, 2021 டிசம்பரில் புதிய தண்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விபத்தைக் குறைக்க உயர்த்தினோம் என்றார்கள். ஆனால் ரசீதுக்கு ஐயாயிரம், ரசீது இல்லாமல் முந்நூறு என்றால் அன்றாடங்காய்ச்சி எதைத் தேர்ந்தெடுப்பான்? தண்டம் உயர உயர லஞ்சம் மலிவாகத் தெரிகிறது. அந்தத் தாயின் கணக்கு தப்பான கணக்கு அல்ல. ஒருநாள் கணக்காகப் பார்த்தால் அது சரிதான். மாதம் மாதம் முந்நூறு, வருடம் முழுதும் பயம், பிள்ளையின் கன்னத்தில் அறை என்று கூட்டிப் பார்த்தால்தான் நஷ்டம் தெரியும். லைசென்ஸ் எடுக்க ஆகும் செலவு ஒரு தடவைதான்.

லஞ்சம் மாற்றவே முடியாத விதி என்று யாரும் சொல்ல வேண்டாம். முன்பு சோவியத் நாட்டோடு இருந்த ஜார்ஜியாவில் போக்குவரத்துப் போலீஸ் என்றாலே வழிப்பறி என்றிருந்தது. 2004, 2005 ஆண்டுகளில் அந்த அரசு ஆயிரக்கணக்கான போக்குவரத்துப் போலீசாரை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதியவர்களை எடுத்தது, சம்பளத்தை உயர்த்தியது, வாங்கியவர்களைத் தண்டித்தது. ரோட்டில் கை நீட்டுவது சில ஆண்டுகளிலேயே பெரும்பாலும் மறைந்தது. அவ்வளவு பெரிய மாற்றத்தை நாம் இங்கே செய்ய முடியாது. நம் கையில் இருப்பதை நாம் செய்யலாம்.

ஆகவே சங்கம் நாலு காரியம் செய்யத் தீர்மானித்திருக்கிறது. முதலாவது, வண்டி ஓட்டும் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் லைசென்ஸ். ஞாயிறுதோறும் சங்கத்தில் விண்ணப்பம் எழுதித் தருவோம், ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் துணைக்கு ஆள் அனுப்புவோம், ஏஜென்டுக்குப் பணம் வேண்டாம். இரண்டாவது, பதினெட்டு நிறையாத பிள்ளை கையில் ஸ்கூட்டர் சாவி கொடுக்கக் கூடாது. கொடுத்தால் 2019 திருத்தப்படி பெற்றவருக்கே மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. மூன்றாவது, அடியோ வசவோ லஞ்சமோ நடந்தால், நாள், நேரம், இடம், சீருடையில் உள்ள பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள். புகார் எழுதுவதோடு விடமாட்டோம், கூடவே வருவோம். நாலாவது, யாரும் போலீஸ் மேல் கை வைக்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. அப்படிச் செய்தவருக்காகச் சங்கம் சிபாரிசுக்குப் போகாது.

மராத்தி பேசக் கற்றுக்கொள்ளுங்கள். நாலு வாக்கியம் போதும். பயந்து பேசுகிற இந்தியைவிட நிமிர்ந்து பேசுகிற அரைகுறை மராத்திக்கு மதிப்பு அதிகம். "சாஹேப், பாவதி த்யா" என்றால் 'ஐயா, ரசீது கொடுங்கள்' என்று பொருள். இதை மட்டுமாவது இன்று மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ஹவால்தாருக்குச் சொல்லி வைக்க நாங்கள் மறுத்துவிட்டோம். அந்த அம்மா கோபித்துக்கொண்டுதான் போனார். மறு ஞாயிறு பையன் மட்டும் தனியாக வந்து விண்ணப்பம் எழுதினான். லைசென்ஸ் கைக்கு வரும்வரை பழைய சைக்கிளில்தான் இட்லி போகிறது. அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது என்றான். அன்று நடந்ததைப் புகாராக எழுதலாமா என்று கேட்டோம். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான். காத்திருக்கிறோம்.