மச்சமும் புற்றும்



உடலில் உள்ள மச்சங்களைக் கொண்டு ஒருவருடைய எதிர்காலத்தைக் கணித்துக் கூறும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. உதட்டில் மச்சம் இருந்தால் இன்ன பலன், உள்ளங்காலில் இருந்தால் இன்ன பலன் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நினைத்த காரியம் கைகூடியவனை 'மச்சக்காரன்' என்றே அழைக்கிறோம். அந்தப் பலன்களைப் பற்றிப் பேச நான் வரவில்லை. மச்சத்தைப் படிக்கும் கலை வேறொன்றும் உண்டு. அது மருத்துவர்களின் கலை. அதனை ஓரளவு தெரிந்துகொண்டால், ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பு உங்களுக்கே கிட்டக்கூடும்.

மச்சம் என்பது யாது? நம் தோல் இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே இருப்பது மேல்தோல். அதன் கனம் பெரும்பாலான இடங்களில் ஒரு காகிதத்தின் கனமே. அதற்குக் கீழே இருப்பது அடித்தோல். இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அடித்தோலில்தான் ஓடுகின்றன. மேல்தோலில் அவை இல்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பின்னர்ச் சொல்லப்போகும் அனைத்தும் இதனையே அடிப்படையாகக் கொண்டவை.

மேல்தோலின் அடிவரிசையில் ஒருவகை உயிரணுக்கள் ஆங்காங்கே அமர்ந்திருக்கின்றன. மெலனின் என்னும் கருநிறப் பொருளை உண்டாக்கி, அக்கம்பக்கத்து அணுக்களுக்கு வழங்குவது அவற்றின் தொழில். பெற்றுக்கொண்ட அணு அந்த நிறப்பொருளைத் தன் உட்கருவின்மீது குடைபோல் கவித்துக்கொள்கிறது. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் உட்கருவைத் தாக்காவண்ணம் அந்தக் குடை காக்கிறது. கறுத்த மேனியருக்கும் வெளுத்த மேனியருக்கும் இந்த அணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறத்தின் அளவும் தன்மையுமே வேறுபடுகின்றன. இந்த அணுக்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்திருப்பதையே மச்சம் என்கிறோம். மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் யாதொரு தீங்கும் செய்யாமல் இருந்துவிடுகின்றன.

எனினும், சில வேளைகளில் இந்த நிற அணுக்களுள் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, வரம்பின்றிப் பெருகத் தொடங்குகிறது. அதுவே மெலனோமா என்னும் கருநிறப் புற்று. இது பழைய மச்சத்திலிருந்தும் தோன்றலாம். மச்சமே இல்லாத தோலில் புதிய கரும்புள்ளியாகவும் தோன்றலாம். பின்னதே மிகுதி.

இந்நோய் மருத்துவ உலகுக்குப் புதியதன்று. லண்டன் மாநகரில் புகழ்பெற்றிருந்த அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1787ஆம் ஆண்டில் ஒரு நோயாளியின் தாடையருகே இருந்த கட்டி ஒன்றை அகற்றினார். அது இன்னதென்று அவரால் உறுதிப்படுத்த இயலவில்லை. எனினும் அதனைப் பாதுகாத்து வைத்தார். 1968இல் அந்தக் கட்டி நுண்ணோக்கியின் கீழ் ஆராயப்பட்டபோது, அது மெலனோமாவே என்று தெரிய வந்தது. பின்னாளில் மார்பொலி கேட்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக், 1804ஆம் ஆண்டிலேயே இதனைத் தனி நோயாக விளக்கினார். கருமை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வந்தது.

இந்நோய் யாருக்கு வருகிறது? வெள்ளை நிறத்தவர் கடும் வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இது மிகுதி. நம்மைப் போன்ற கருநிற மக்களிடையே மிக அரிது. நம் தோலில் உள்ள குடை கனமானது அல்லவா? ஆனால், 'நமக்கு வராது' என்று இருந்துவிடுவது தவறு. நம்மவருக்கு வரும்போது, வெயில் படாத இடங்களிலேயே அது பெரும்பாலும் தோன்றுகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடிப்பகுதி ஆகியவையே அவ்விடங்கள். அங்கே கதிரவனைக் காரணமாகக் கூறுவதற்கில்லை.

யாரும் உற்றுப் பார்க்காத இடங்கள் அவை. உள்ளங்காலில் கறுத்துத் தடித்த ஒன்றைக் கண்டால் கால் ஆணி என்கிறோம். முள் குத்திய வடு என்கிறோம். கல் தடுக்கி இரத்தம் கட்டியது என்கிறோம். ஜமைக்கா நாட்டு இசைக் கலைஞர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் இருந்த புண், பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே முதலில் எண்ணப்பட்டது. அது மெலனோமா என்று 1977இல் தெரிந்தது. விரலை அகற்றவேண்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. நோய் பரவி, 1981இல் தம் 36ஆம் வயதில் காலமானார். அருமையாக வரும் நோய், வந்தபோது அறியப்படாமல் போவதே நம்போன்றோர்க்குள்ள பெரிய ஆபத்து.

இதனை அறிவது எவ்வாறு? நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1985இல் எளிய சில அடையாளங்களை வகுத்துக் கொடுத்தார்கள். மச்சத்தின் நடுவே ஒரு கோடு கிழித்ததாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரு பாதியும் ஒத்திருக்கவில்லையானால் அது முதல் அடையாளம். ஓரம் வட்டமாக இராமல் கிழிந்த துணிபோல் ஒழுங்கற்று இருப்பது இரண்டாவது. ஒரே நிறமாக இராமல் கருமை, பழுப்பு, செம்மை, நீலம் எனப் பல நிறம் கலந்திருப்பது மூன்றாவது. பென்சிலின் முனையில் பதித்த ரப்பரின் அகலத்தை, அதாவது 6 மில்லிமீட்டரை, மிஞ்சியிருப்பது நான்காவது. பின்னர் ஐந்தாவது ஒன்றும் சேர்க்கப்பட்டது. அது மாறுதல். சில மாதங்களுக்குள் வளர்வது, நிறம் மாறுவது, இரத்தம் கசிவது ஆகியவை இதில் அடங்கும். ஐந்திலும் இதுவே தலையாயது.

நகத்தைப் பற்றி ஒரு சொல். கருநிற மக்களின் நகங்கள் பலவற்றில் மெல்லிய கருங்கோடுகள் இயல்பாகவே ஓடும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு தோன்றி, அது நாளுக்கு நாள் அகன்று, நகத்தின் அடியில் உள்ள தோலிலும் கருமை படருமானால், மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கலாகாது.

மருத்துவர் முதலில் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒளிக் கருவியால் அந்தப் புள்ளியைப் பார்க்கிறார். ஐயம் நீங்காவிடில், தோலை மரக்கச் செய்து, அந்தப் புள்ளியை முழுவதுமாக, சுற்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் நல்ல தோலோடு, அடிவரை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார். இதுவே பயாப்சி என்னும் சதைப் பரிசோதனை. இங்கே இரண்டு தவறான கருத்துகளை நீக்கிவிட வேண்டும். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது உண்மையன்று, பரவுவது தாமதத்தால்தான். மற்றொன்று, மருவையும் மச்சத்தையும் சுண்ணாம்பு முதலியவற்றை வைத்துச் சுட்டெடுக்கும் வழக்கம். சுட்ட இடத்தில் மேலே ஆறினாலும், அடியில் தங்கிய அணுக்கள் வளர்ந்துகொண்டே இருக்கலாம். அதனினும் கேடு, நோய் எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்பதைச் சொல்லும் சான்று சாம்பலாகி விடுகிறது.

ஆழம் என்றேன். இந்நோயில் எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி அதுவே. வாஷிங்டன் நகரில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் நோயியல் அறிஞர், நுண்ணோக்கியில் பொருத்திய சிறிய அளவுகோலைக் கொண்டு, கட்டியின் மேற்பரப்பு முதல் அதன் மிகத் தாழ்ந்த அணு வரையில் அளந்து பார்த்தார். 0.76 மில்லிமீட்டருக்குக் குறைந்த கனமுள்ளவற்றை அகற்றியவர்களுக்கு 5 ஆண்டுக் காலம் நோய் திரும்பவில்லை என்று கண்டு 1970இல் வெளியிட்டார். கட்டி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு கனம் என்பதே நோயாளியின் வாழ்வைக் குறித்து மிகுதியாகக் கூறுகிறது என்று அன்று தெளிவாயிற்று.

காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். மேல்தோலில் குழாய்கள் இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். நோய் மேல்தோலுக்குள் அடங்கியிருக்கும் வரையில் அது பயணம் செய்ய வழியில்லை. வெட்டி எடுத்துவிட்டால் ஏறத்தாழ முற்றிலும் குணமாகிவிடும். அடித்தோலுக்குள் இறங்க இறங்க, இரத்தமும் நிணநீரும் அதனை நுரையீரலுக்கும் ஈரலுக்கும் மூளைக்கும் கொண்டுசெல்லும் வாய்ப்பு வளர்கிறது. ஒரு மில்லிமீட்டர் என்பது உங்கள் பாடப்புத்தகத்தின் பத்துத் தாள்கள் அடுக்கிய கனம்; அவ்வளவே. அதற்குள் நிற்பதும் 4 மில்லிமீட்டரைத் தாண்டுவதும் வேறு வேறு நோய்கள் என்றே சொல்லத் தக்க அளவுக்கு வேறுபடுகின்றன.

ஆழம் தெரிந்தபின் முறையான அறுவை நிகழ்கிறது. முதலில் எடுத்த இடத்தைச் சுற்றி மேலும் நல்ல தோலை, அடியிலுள்ள கொழுப்போடு சேர்த்து அகற்றுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் அண்டையில் தங்கியிருக்கக்கூடிய அணுக்களை நீக்குவதே நோக்கம். எவ்வளவு தோலை எடுப்பது? 1907இல் லண்டன் மருத்துவர் ஹேண்ட்லி, ஒரு நோயாளியின் சடலத்தை ஆராய்ந்து, அகன்ற அறுவை தேவை என்று உரைத்தார். அந்த ஒரே ஆராய்ச்சியின் செல்வாக்கால், பல பத்தாண்டுகள் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் வரை எடுப்பது வழக்கமாயிற்று. ஒரு சிறு புள்ளிக்காக உள்ளங்கையளவு தோலை இழந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டவைத்துக்கொண்டவர் பலர். 1988இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர் வெரோனேசியும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்படாத நோயில் 1 சென்டிமீட்டர் எடுத்தவர்களும் 3 சென்டிமீட்டர் எடுத்தவர்களும் ஒரே அளவில் உயிர் பிழைத்திருந்தார்கள். இன்று, 1 மில்லிமீட்டருக்கு உட்பட்டால் 1 சென்டிமீட்டரும், 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் 2 சென்டிமீட்டரும், இடைப்பட்டால் ஒன்றிலிருந்து இரண்டும் எடுப்பது பொது விதியாக உள்ளது. ஆசான் சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்காமல், அளந்து பார்த்து ஏற்பதே விஞ்ஞானம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

நிணநீர்க் கணுக்களின் கதையும் அத்தகையதே. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதை அறிவீர்கள். காலின் நிணநீர் வந்து சேரும் இடம் அது. புற்றணுக்களும் அவ்வழியே வரக்கூடும் என்று கருதி, முன்பு கணுக்கள் அனைத்தையும் எடுத்துவிடுவதுண்டு; அதனால் சிலருக்குக் கை கால் நிலையாக வீங்கிவிடும். 1992இல் அமெரிக்க மருத்துவர் டொனால்டு மார்ட்டனும் அவருடன் பணியாற்றியவர்களும் புதிய வழி ஒன்றைக் காட்டினார்கள். நோய் இருந்த இடத்தில் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றினால், அது முதன்முதலில் எந்தக் கணுவை அடைகிறதோ அதுவே வாயிற்காவலன். அதனை மட்டும் எடுத்துச் சோதித்தால் போதும். அது தூய்மையாக இருப்பின் மற்றவையும் பெரும்பாலும் தூய்மையானவையே. அந்தக் கணுவில் நோய் காணப்பட்டாலும், எஞ்சியவற்றை உடனே எடுத்துவிடுவதால் ஆயுள் நீள்வதில்லை என்று 2017இல் வெளியான மற்றொரு பெரிய சோதனை காட்டியது. கத்தி மேலும் ஓரடி பின்வாங்கியது.

உள்ளுறுப்புகளுக்குப் பரவிய நோய்க்கு நெடுங்காலம் நல்ல மருந்தே இருந்ததில்லை. 2011 முதல் நிலைமை மாறத் தொடங்கியது. உடலின் காவற்படையாகிய வெள்ளணுக்களைக் கட்டிவைத்திருக்கும் தடையை அவிழ்த்து, அவற்றைக் கொண்டே புற்றைத் தாக்கச் செய்யும் மருந்துகள் வந்தன. அதற்கு அடிப்படை கண்ட ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோன்ஜோ ஆகிய இருவருக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும், அவை எல்லாருக்கும் பயன் தருவதில்லை, செலவும் மிகுதி. தொடக்கத்தில் செய்யும் சிறிய அறுவைக்கு ஈடாக அவற்றைச் சொல்ல இயலாது.

நண்பர்களே, இத்தனை அறிஞர்களின் உழைப்பும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. நோயாளி காலத்தில் வந்து சேரவேண்டும். இருதயத்தையோ ஈரலையோ நாம் வெளியிலிருந்து பார்க்க முடியாது. தோலில் வரும் நோயைப் பார்ப்பதற்குப் படிப்பும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கண்ணும் கருத்தும் போதும். மாதம் ஒருமுறை உங்கள் உள்ளங்கால்களைப் பாருங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், குனிந்து தம் பாதத்தைப் பார்க்க அவர்களால் இயலாது. அவர்களுக்காக நீங்கள் பாருங்கள். ஆறாத புண்ணோ மாறிவரும் கருமையோ கண்டால், அஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், சுட்டுப் பார்க்கவும் வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் அது கால் ஆணியாகவே இருக்கும். மகிழ்ச்சியோடு திரும்பி வருவீர்கள். அவ்வாறு இல்லாமற்போயினும், பத்துத் தாள்களின் கனத்தை அது தாண்டுவதற்கு முன் கண்டுவிட்டீர்களானால், ஒரு சிறிய அறுவையோடு ஓர் உயிர் பிழைத்துவிடக்கூடும். மச்சத்துக்குப் பலன் உண்டோ இல்லையோ, அதை உற்று நோக்குவதற்குப் பலன் உண்டு.