ஈதல் என்னும் கல்விப்பணி

(ஆனைமலையில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய உரை)

அருகன் நெறி போற்றும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். இந்நான்கையும் ஒரே கூரையின்கீழ் ஏழைப் பிள்ளைகளுக்கு வழங்கிய கொங்கு நாட்டுக் கல்வியாளர் ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். அவர் நம் சமயத்தவர் அல்லர். இராமகிருஷ்ணர் வழி நின்றவர். ஆயினும் அவர் செய்த அறம் நமக்கு அயலானது அன்று.

தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1903-ஆம் ஆண்டு திருப்பூரில் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்றார்; விடுதலைப் போரில் சிறை சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1930-இல், தம் இருபத்தேழாம் வயதில், கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார். முதலில் வந்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிறுவர்களே. அவர்களுள் ஒருவன் தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவன்.

இச்செய்தியைச் சற்று நின்று நோக்க வேண்டும். அக்குடிப் பிள்ளைகள் பல ஊர்ப் பள்ளிகளின் வாயிலைக்கூட மிதிக்க இயலாத காலம் அது. உணவும் உறையுளும் கொடுத்துத் தனியே அமர்த்தியிருந்தால் ஊரார் அதனையும் தருமம் என்றே புகழ்ந்திருப்பர். இவரோ மற்றப் பிள்ளைகளுடன் அவனைச் சேர்த்தே வளர்த்தார். கூச்சமின்றிக் கற்கும் நிலையை ஒரு சிறுவனுக்கு அளிப்பது அபயதானம் அன்றி வேறென்ன? 1934-இல் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக வந்த காந்தியடிகள், பெரியநாயக்கன்பாளையத்தில் அந்நிறுவனத்திற்கு அடிக்கல் நாட்டினார்.

1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்று மொழியாக்கினார். தமிழ் வளர்ச்சிக் கழகம் வழியே கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். ஆங்கிலம் அறியாத உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் உலக அறிவு எட்ட வேண்டும் என்பதும் ஒரு கொடைதான். 1957-இல் அவர் தொடங்கிய மகளிர் கல்லூரி, 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1991-இல் அவர் மறைந்தார்.

நம் பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்பது வழிவழிச் செய்தி. ஆசிரியன் பாடம் சொல்வதை நன்னூலில் அவர் ‘ஈதல்’ என்றே குறிக்கின்றார். மாணவன் அதனைப் பெறுதல் ‘கோடல்’. பெறுபவனுக்கும் ஓர் இலக்கணம் வகுத்து மதிப்பளித்த நூல் அது.

இதனை எண்ணும்போது எனக்கு ஒரு மனக்குறை எழுகின்றது. நம்மவர் விழாக்களில் ஏழை மாணவர்களை வரிசையாக மேடையேற்றி, பெயரோடு தந்தையின் வறுமையையும் ஒலிபெருக்கியில் கூறிக் காசோலை வழங்குகின்றோம். நானும் அவ்வாறு வழங்கியவன்தான். ஒருமுறை ஒரு மாணவி தலை நிமிராமலே வாங்கிச் சென்றாள். நிழற்படத்தில் என் முகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே: வரும் ஆண்டு முதல் கல்வி உதவித்தொகையை மாணவர்தம் வங்கிக் கணக்கிலேயே செலுத்திவிடுங்கள். விழாவுக்கு அவர்களை அழையுங்கள். நம் பிள்ளைகளோடு ஒரே பந்தியில் உணவருந்தச் செய்யுங்கள்.