பழைய பேட்டரியின் பயணம்



தில்லியில் வாழும் தமிழருக்குப் புசா ரோடு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியே. காலை வேளையில் அவ்வழியே செல்வோர், மெட்ரோ நிலையங்களின் வாயிலில் வரிசையாய் நிற்கும் மின்ரிக்‌ஷாக்களைக் காணாதிருத்தல் அரிது. அவை புகை கக்குவதில்லை, இரைச்சலும் சிறிதே. ஆயினும் பயணியின் இருக்கைக்கு அடியில் இருப்பது என்னவென்று நாம் குனிந்து பார்ப்பதில்லை. பெரும்பாலான வண்டிகளில் அங்கே இருப்பவை ஈயமும் அமிலமும் அடங்கிய நான்கு பேட்டரிகள். ஓயாது ஓடும் வண்டியில் அவை நெடுங்காலம் உழைப்பதில்லை. பழையதைக் கடையில் கொடுத்துப் புதியதன் விலையில் கழித்துக்கொள்வது வழக்கம். அதன் பின்னர் அப்பழைய பேட்டரி எங்கே போகின்றது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முறையான ஆலைக்குச் சென்றால் அதிலுள்ள ஈயம் ஏறக்குறைய முழுமையாக மீண்டு, மற்றொரு பேட்டரியாகப் பிறக்கும். கொல்லைப்புற உலைக்குச் சென்றாலோ, அமிலம் சாக்கடையிலும் ஈயப்புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் குருதியிலும் கலக்கும். யூனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 80 கோடி வரையிலான குழந்தைகளின் குருதியில் கவலைக்குரிய அளவில் ஈயம் உள்ளதென்று மதிப்பிட்டது. அவர்களுள் சுமார் 27.5 கோடிப் பேர் இந்தியக் குழந்தைகள். ஈயம் அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்வது. குன்றியது பின்னர் மீள்வதில்லை.

இதனைத் தடுக்கவே 2001-ஆம் ஆண்டின் பழைய விதிகளை மாற்றி, 2022 ஆகஸ்டில் மத்திய அரசு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவரும் நிறுவனமே அது பழையதான பின்னர் மீட்கப்படுவதற்கும் பொறுப்பு என்பது அவற்றின் சாரம். மீட்டெடுக்கும் ஆலை சான்றிதழ் பெறுகின்றது; உற்பத்தியாளர் அதனை விலைக்கு வாங்கித் தம் கடமையை ஈடுசெய்து கொள்ளலாம். சான்றிதழுக்கு விலை உண்டென்றால் பொய்ச் சான்றிதழுக்கும் சந்தை உண்டு. பிளாஸ்டிக் கழிவுக்கு ஏற்பட்ட இதே போன்ற ஏற்பாட்டில், 2023-இல் நடந்த தணிக்கையின்போது சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன.

இவ்விடத்தில்தான் ‘பிளாக்செயின்’ என்னும் சொல் எழுகின்றது. ஆட்சிச் சொற்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இது தொல்லை தந்த சொல். ‘கட்டச்சங்கிலி’ என்பர் சிலர். சொல் பிறந்ததேயன்றிப் பொருள் விளங்கவில்லை. கருத்தோ எளியது. ஒரு கணக்கேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்திலிருந்து கணித்த முத்திரை எண் ஒன்று பதியும். ஏட்டின் படிகள் பலரிடம் இருக்கும். எவரேனும் ஒருவர் பழைய வரியைத் திருத்தினால் பின்வரும் முத்திரைகள் யாவும் பொருந்தாமற் போய், திருட்டு வெளிப்பட்டுவிடும்.

பெரியபுராணம் கேட்டோர்க்கு இது புதிதன்று. மணப்பந்தலில் சுந்தரர் அடிமை ஓலையைப் பறித்துக் கிழித்தார். வந்த முதியவரோ, கிழிந்தது படியோலையே, மூல ஓலை தம்மிடம் உள்ளதென்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் அவ்வோலை வந்தபோதும் அவையோர் உடனே ஒப்பவில்லை. பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்பிட்ட பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். கிழிக்க இயலாத ஓலை ஒன்று. அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் அவை மற்றொன்று. பிளாக்செயின் முன்னதை மட்டுமே தருகின்றது.

மேனாடுகளில் இம்முயற்சி நடைபெறாமலில்லை. உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரு பங்குக்கு மேல் காங்கோ நாட்டிலிருந்து வருவது. அங்குச் சில சுரங்கங்களில் சிறுவர்களும் வேலை செய்தது பெரும் பழியாயிற்று. 2019-இல் வால்வோ கார் நிறுவனம் தன் பேட்டரிகளின் கோபால்ட்டை இத்தகைய ஏட்டின் வழியே பின்தொடரத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், 2027 பிப்ரவரி 18 முதல் மின்வாகனப் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு வேண்டும் என்கின்றது. அது பிளாக்செயினில்தான் இருக்க வேண்டுமென்று விதிக்கவில்லை. நம் நாட்டிலும் சாலைப் போக்குவரத்து அமைச்சு 2026 தொடக்கத்தில், மின்வாகனப் பேட்டரிக்கு ஆதார் போன்ற 21 குறிகள் கொண்ட அடையாள எண் வழங்கும் யோசனையை வெளியிட்டது.

நல்லதே. ஆயினும் மூட்டையில் இருப்பது கோபால்ட்டா, அதனைத் தோண்டியவர் யார் என்பதை ஏடு அறியாது. பத்துக் கிலோவை நூறு என்று முதலில் எழுதியவன் பொய்யன் எனின், அப்பொய்யும் அழியாத பொய்யாக நிலைபெறும். ஆகவே தராசருகே நிற்கும் நேர்மையான தணிக்கையாளருக்கான செலவை எந்த இயந்திரமும் மிச்சப்படுத்தித் தராது. மற்றொன்று, விலை. கொல்லைப்புற உலைக்காரன் வரியும் கட்டுவதில்லை, புகைபோக்கியும் வைப்பதில்லை. அதனால் பழைய பேட்டரிக்குக் கையில் ரொக்கமாக நூறு இருநூறு கூடத் தருகின்றான். அன்றாடம் ஓட்டினால்தான் உணவு என்றிருக்கும் ரிக்‌ஷாக்காரர் அதனை மறுப்பாரென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. முறையான வழியில் கிடைக்கும் விலை அதற்கு ஈடாக வேண்டும்.

இதில் நமக்கும் பங்குண்டு. தமிழர் எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும், மின்சாரம் தடைப்படும் ஊராயின் வீட்டில் இன்வர்ட்டர் பேட்டரி ஒன்று இருக்கும். அண்மையில் எங்கள் வீட்டில் அதனை மாற்றினோம். கடைக்காரர் பழையதை நிறுத்து, கழிவுத்தொகையைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அது எங்கே போகும் என்று வினவினோம். சனிக்கிழமை வண்டிக்காரர் வந்து எடுத்துச் செல்வார் என்றார். எந்த ஆலைக்கு என்று கேட்டதற்கு, அதுவரை எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.