‘ஆமாம்’ என்போர் வேண்டும்

 

கதை சொல்வோர் இருந்தால் மட்டும் போதாது. ‘ஆமாம்’ என்று மறுமொழி கூறுவோரும் வேண்டும். இதனை நமக்கு உணர்த்துவது நெல்லை, குமரிச் சீமையின் வில்லுப்பாட்டு. புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை தொடங்குவார். உடுக்கையும் குடமும் தாளமும் இசைந்தொலிக்கும். பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமாம்’ என்பார். இடைமறித்து வினாவும் எழுப்புவார். அவ்வினாவினாலேயே கதை மேலே நடக்கும். கோயில் கொடைகளில் விளங்கிய இக்கலையைச் சமுதாயச் சீர்திருத்தத்திற்குப் பயன்படுத்தியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் வழிவந்த சுப்பு ஆறுமுகம் 2021ஆம் ஆண்டுக்குரிய பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார்.

நாம் வாழும் பெங்களூரிலும் கதைக்கலைக்கு ஆதரவுண்டு. கதை சொல்லப் பயிற்றும் ‘கதாலயா’வைக் கீதா ராமானுஜம் அம்மையார் 1998இல் இங்கே நிறுவினார். ஆயின் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் கடமை நம்முடையதன்றோ? பள்ளியில் அவர்கள் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர்; அது நன்றே. எனினும், தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் விடையளிக்கும் பிள்ளைகள் நம் இல்லங்களில் பெருகிவிட்டனர். செவியில் மட்டும் வாழும் மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. அது நாவிற்கும் வரவேண்டும்.

ஆகவே, வாரம் ஒருநாள் பாட்டியார் புலவராகட்டும். வீட்டுக் குடமே பக்கவாத்தியமாகட்டும். பேரக்குழந்தைகள் பக்கப்பாட்டுப் பாடட்டும். இன்று ‘ஆமாம்’ என்னும் குழந்தை நாளை ‘ஏன்?’ என்று கேட்கும். பின்னொரு நாள் தானே கதை சொல்லும். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில் நம் செல்வங்கள் வில்லடிக்கக் காண்போமாக!

வாழ்க தமிழ்!