ஆணா, பெண்ணா? பாட்டைக் கேளுங்கள்



எங்கள் வீட்டுக் குசினி யன்னலுக்கு நேரே ஒரு சிறிய தோட்டம். அங்கே குருவிகளுக்குத் தீனி வைப்பது என் வழக்கம். போன பங்குனியில் ஒருநாள், "அங்கே பார், அடைக்கலக்குருவிப் பேடு" என்று பேத்திக்குக் காட்டினேன். அவள் தன் பறவைப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, அது சாஃபிஞ்ச் என்று ஆங்கிலத்திலேயே திருத்தினாள்.

அவள் சொன்னதுதான் சரி. சாஃபிஞ்ச் பேடு, எங்கள் ஊர் அடைக்கலக்குருவிப் பேட்டைப் போலவே மங்கலான கபில நிறம். செட்டையில் தெரியும் இரண்டு வெள்ளைக் கோடுகள்தான் அடையாளம். சேவலுக்கும் அதே கோடுகள் உண்டு. ஆனால் அதன் தலை நீலச்சாம்பல். கன்னமும் நெஞ்சும் இளஞ்சிவப்பு. குளிர்காலத்தில் இந்த நிறங்கள் சற்று மங்கி, வசந்தத்தில் பளிச்சிடும்.

எல்லா ஃபிஞ்ச்சுகளும் இப்படி இலகுவில் பிடிபடா. கோல்ட்ஃபிஞ்ச்சில் சேவலுக்கும் பேட்டுக்கும் முகம் சிவப்பே. சேவலில் அந்தச் சிவப்பு பெரும்பாலும் கண்ணைத் தாண்டிச் சற்று நீளும்; பேட்டில் கண்ணோடு நின்றுவிடும். தூரத்தில் நின்று துணிந்து சொல்ல முடியாது.

சாஃபிஞ்ச்சுக்கு இன்னோர் அடையாளம் பாட்டு. மாசி தொடங்கி மரக்கொப்பில் இருந்து முழுப்பாட்டுப் பாடுவது சேவல்தான். பேடு வழக்கமாகப் பாடுவதில்லை.

அந்தப் பாட்டும் தானாக வருவதில்லை. கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் என்ற அறிஞர் 1950களில் சாஃபிஞ்ச் குஞ்சுகளை, பெரிய குருவிகளின் பாட்டுக் காதில் விழாமல் வளர்த்துப் பார்த்தார். அவையும் வளர்ந்து பாடின. ஆனால் அரைகுறைப் பாட்டு. சாஃபிஞ்ச் தன் பாட்டை முதல் ஆண்டுக்குள் கேட்டுப் பழக வேண்டும். அதற்குப் பிறகு புதிதாகப் பிடிக்காது.

இதை வாசித்த அன்று எனக்கு மனம் சுட்டது. மனிதப்பிள்ளை குருவியல்ல, எந்த வயதிலும் ஒரு மொழியைப் படிக்கலாம். ஆனால் பேத்தியைச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் நானே, அவளுக்கு விளங்கட்டும் என்று வீட்டில் என் உடைந்த ஆங்கிலத்தில்தான் கதைத்து வந்தேன். அவள் காதில் விழவேண்டிய தமிழை நானே மறைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து யன்னலடியில் தமிழ் மட்டும்தான். செட்டை, கொப்பு, சேவல், பேடு என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தேன். முதலில் சிரித்தாள், பிறகு பழகிவிட்டது.

இந்த வருடம் மாசியில், நான் சோறு வடித்துக்கொண்டு நிற்க, யன்னலடியில் இருந்து கூப்பிட்டாள்: "அம்மம்மா, சேவல் பாடுது!"