சுரங்க வாசலில் புனிதம்

1752இல் கொல்லப்பட்ட தேவசகாயத்தை ரோம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தது. 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தை அதற்கு முன்பே அவர் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். நல்லது. பெயரிலிருந்து எடுப்பது எளிது. 2008இல் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகளைத் தாக்கியவர்களும் கிறித்தவர்களே.

பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் பலமுறை வேலைநிறுத்தம் செய்த ஊர் நெய்வேலி. உலகமயம் இன்னொரு சுவரைச் சம்பளச் சீட்டில் எழுப்புகிறது. ஞாயிறு பூசையில் ஒரே அப்பம் வாங்குகிறோம். திங்கட்கிழமை சுரங்க வாசலில் நிரந்தரம் வேறு, ஒப்பந்தம் வேறு. புனித வாழ்வுக்கு அந்த வாசலே நமக்குப் பீடம். பக்கத்தில் மண்டியிடும் ஒப்பந்தத் தொழிலாளியின் சம்பளச் சீட்டை, நிரந்தர வேலையிலுள்ள நம்மில் எத்தனை பேர் வாங்கிப் பார்த்திருக்கிறோம்?